மேற்கட்டிக்கு எந்தச் சட்டம்?

கேள்வி: எங்கள் ஊர் கீழக்கரை. உம்மம்மா வீட்டில் நான்கு தலைமுறையாக ஒரு மேற்கட்டி இருக்கிறது. கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் இடத்துக்கு மேலே, நான்கு மூலையிலும் கயிறு கட்டித் தூக்குவார்கள். 16 அடி நீளம், 12 அடி அகலம். பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகக் கொடியும் பூவும் வரைந்தது. மூன்று துணிகளை நீளவாக்கில் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். கடைசியாகக் கட்டியது என் உம்மாவின் கல்யாணத்தில். அதன்பிறகு டிரங்குப் பெட்டியில் மடித்தபடியே கிடந்தது. போன மாதம் திறந்து பார்த்தால் மடிப்புகள் விட்டுப்போயிருக்கின்றன. கறுப்புக் கோடுகள் பல இடத்தில் உதிர்ந்து ஓட்டையாகிவிட்டன. தேக்கில் சட்டம் அடித்து, துணியை இழுத்து ஆணியடித்து, கண்ணாடி போட்டுவிடலாம் என்கிறார் ஆசாரி. அவ்வளவு பெரிய சட்டம் வேண்டாம் என்றால் தையலைப் பிரித்து மூன்றாக்கலாம் என்றும் சொல்கிறார். ஆரி வேலை செய்யும் என் மதினி, ஆரிச் சட்டத்தையே பெரிதாகச் செய்து, அடியில் புதுத்துணி கொடுத்துத் தைத்துவிடலாம் என்கிறாள். ஜனவரியில் என் மகளுக்கு நிக்காஹ். ஒரு தடவை அதன் கீழே அவளை உட்காரவைக்க வேண்டும் என்று ஆசை. எந்தச் சட்டம் சரி?

பதில்: சகோதரி, முதல் வேலையாக ஆசாரியை நிறுத்தச் சொல்லுங்கள். தையலைப் பிரிக்கவே கூடாது. உங்கள் மதினியின் யோசனையில் பாதி சரி. எந்தப் பாதி என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படங்களில் எனக்கு அதிகம் உதவியது, ஒரே ஒரு பூவை நெருங்கி எடுத்த படம். இதழின் சிவப்பு இன்னும் கெட்டியாக இருக்கிறது. நூலுக்கு நூல் எண்ணிவிடலாம். அந்த இதழைச் சுற்றிப் போகும் கறுப்புக் கோட்டில் மட்டும் துணியே இல்லை. கோடு வளைந்த இடமெல்லாம் அதே வளைவில் ஒரு வெட்டு. ஓரிரு இடத்தில் குறுக்கே ஓடும் ஊடை நூல் போய், நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நாலைந்து மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது. வெட்டின் ஓரத்தில் பழுப்பாகத் தூள் தெரிகிறது. இந்த ஒரு படமே உங்கள் கேள்விக்குப் பாதி விடை.

படத்தை மட்டும் பார்த்துச் சாயத்தை அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சிவப்பு நிற்க, கறுப்பு மட்டும் துணியோடு போவது பழைய சோழமண்டலக் கரைத் துணிகளில் வழக்கமாகக் காண்பது. அந்தச் சிவப்புக்குப் பெரும்பாலும் சாயவேர்தான் காரணம். இம்பூறல் என்றும் சொல்வோம். நம் கரை மணலில் தானாக முளைக்கும் செடி. ராமேஸ்வரத்து வேருக்கு ஒரு காலத்தில் தனிப்பேர் இருந்தது. சிவப்பைப் பிடித்துவைக்கப் படிகாரம் போட்டார்கள், அது பருத்தியை அவ்வளவாகத் தின்னாது. கறுப்பு அப்படி இல்லை. துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்த நீரும், துணியில் முன்பே ஏற்றிய கடுக்காயும் சேர்ந்துதான் கறுப்பாகும். அந்த இரும்பு துணிக்குள் இருந்துகொண்டே பஞ்சு நாரை மெல்ல மெல்ல அரிக்கிறது. ஈரம் சேர்ந்தால் இன்னும் வேகமாக அரிக்கும்.

அதாவது உங்கள் மேற்கட்டி இப்போது ஒரே துணி மாதிரி தெரிந்தாலும், இழுத்தால் ஒரே துணியாக நடந்துகொள்ளாது. கெட்டியான சிவப்புப் பகுதிகளுக்கு நடுவே எங்கு பார்த்தாலும் இற்றுப்போன கோடுகள். எந்த ஓரத்தைப் பிடித்து இழுத்தாலும் அந்த இழுப்பு போய் நிற்பது கறுப்புக் கோட்டில்தான். அதனால் என் பதில் இதுதான்: துணியை இழுத்துப் பிடிக்கிற எந்தச் சட்டமும் உங்களுக்கு ஆகாது. துணி தன் எடையைக்கூடத் தான் சுமக்காதபடி, அடியிலிருந்து முழுக்கத் தாங்குவதுதான் வேண்டும்.

எடை என்றதும் சின்னக் கணக்கு ஒன்று. 16க்கு 12 அடி என்றால் சுமார் 18 சதுர மீட்டர். இந்த மாதிரிப் பருத்திக்குச் சதுர மீட்டருக்கு 150 கிராம் என்று வைத்தால் 2.7 கிலோ. பின்னால் இருக்கும் பழைய உள்துணியையும் சேர்த்தால் ஐந்து கிலோவை நெருங்கும். ஐந்து கிலோதானே, நான்கு மூலைக்கும் பிரித்தால் ஒன்றேகால் கிலோதானே என்று தோன்றும். ஆனால் மேற்கட்டி அழகாக இருக்க வேண்டும் என்று தொய்வில்லாமல் இழுத்துக் கட்டுவோம் இல்லையா, அங்கேதான் விஷயம் இருக்கிறது. கட்டிய துணி மட்டத்திலிருந்து 5 டிகிரி மட்டும் தாழ்ந்து நின்றால், அந்த ஒன்றேகால் கிலோவைத் தாங்க மூலையில் விழும் இழுப்பு கிட்டத்தட்ட 14 கிலோ. எவ்வளவு மட்டமாகக் கட்டுகிறோமோ அவ்வளவு இழுப்பு ஏறும். மூலைகளில் ஒட்டுப்போட்டு, ஒட்டின்மேல் ஒட்டுப்போட்டு வைத்திருக்கிறார்களே, உங்கள் வீட்டுப் பெண்கள் ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்தப் 14 கிலோவோடு போராடியிருக்கிறார்கள். அந்த ஒட்டுகளை யாரும் பிரிக்கக் கூடாது. அவையும் மேற்கட்டியின் கதைதான்.

ஆசாரி சொன்ன தேக்குச் சட்டத்துக்கு வருவோம். ஓவியத்துக்குச் செய்வதைத் துணிக்குச் செய்யப் பார்க்கிறார். அவர்மேல் தப்பில்லை, அவருக்குத் தெரிந்த சட்டம் அது. ஆனால் ஆணி அடித்த இடமெல்லாம் ஒரு மூலைக்குச் சமம். பருத்தி நூல் ஈரத்தில் ஊதும். நூல் ஊதினால் நெசவு நெருங்கித் துணி சுருங்கப் பார்க்கும். நான்கு பக்கமும் ஆணியடித்த துணி எங்கே சுருங்கும்? ஐப்பசி மழை தொடங்கியதும் தனக்குள்ளேயே இழுபட்டுக் கோடுகளில் அறும். வெயில் வந்தால் தளரும். ஒவ்வொரு வருஷமும் இதே கூத்து. ஆணி துருப்பிடிக்கும், அந்தத் துருவும் இரும்புதான். பச்சை மரத்திலிருந்தும் பிளைவுட்டிலிருந்தும் வரும் புளித்த ஆவி, கண்ணாடிக்குள் போக வழியில்லாமல் துணியிலேயே தங்கும்.

நம் கரையில் இன்னொன்றும் உண்டு. இத்தனை வருஷம் கடல் காற்று பட்ட துணியில் உப்பு இருக்கத்தான் செய்யும். காற்றின் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். கீழக்கரையில் ராத்திரி 75ஐத் தாண்டுவது வெகு சாதாரணம். கண்ணாடிக்குள் ஒட்டிக்கிடக்கும் உப்புத் துணி என்றால் கறை, பூஞ்சை, கறுப்புக் கோட்டுக்கு இன்னும் சேதம் எல்லாம் ஒன்றாக வரும். கண்ணாடி போட்டே ஆக வேண்டும் என்றாலும் அது துணியைத் தொடாமல், நடுவே காற்று போக இடம் விட்டு நிற்க வேண்டும். இந்த அளவுக்குக் கண்ணாடியே வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

இப்போது மதினி சொன்னது. அடியில் புதுத்துணி கொடுத்து அதோடு தைப்பது, அது சரியான பாதி. துணி பாதுகாப்பு வேலை செய்யும் நாங்களும் அதைத்தான் செய்வோம். ஆரிச் சட்டம்தான் தவறான பாதி. ஆரி ஊசி ஓட வேண்டுமானால் துணி விண்ணென்று இருக்க வேண்டும். புதுப் பட்டு அதைத் தாங்கும், இந்தத் துணி தாங்காது.

துணி பாதுகாப்புக் கூடங்களில் இதற்கென்று உருளைச் சட்டம் இருக்கிறது. பரமக்குடித் தறியைப் பார்த்திருப்பீர்கள்: ஒரு பக்கம் பாவு சுற்றிய உருளை, மறுபக்கம் நெய்தது சுற்றும் உருளை. ஏறக்குறைய அதேபோல இரண்டு உருளைகளும் பக்கக் கைகளும். தாங்குதுணியை இரண்டு உருளைக்கும் நடுவே ஓரளவு இறுக்கிக் கட்டி, பழைய துணியை அதன்மேல் தளர்வாகப் படுக்கவைத்து, முக்கால் மீட்டர் அளவு பகுதி மட்டும் வெளியே தெரிய, தைத்துத் தைத்துச் சுற்றிக்கொண்டே போவார்கள். இழுப்பு முழுக்கப் புதுத்துணிக்கு, பழையதற்கு இழுப்பே கிடையாது. பெரிய கம்பளித் திரைச்சீலைகளுக்கு இதைவிட நல்லது இல்லை. இடமும் கொஞ்சம்தான் பிடிக்கும்.

உங்கள் துணிக்கு மட்டும் நான் இதைச் சொல்ல மாட்டேன். கம்பளி வளையும், திரும்பத் திரும்பச் சுற்றினாலும் பொறுத்துக்கொள்ளும். இற்ற கோடுகள் உள்ள பருத்தியை வேலை நடக்கும் மாதக்கணக்கில் தினமும் சுற்றிப் பிரித்தால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உதிரும். தவிர 12 அடி நீள உருளை நடுவில் லேசாகத் தொய்ந்தாலே போதும். நடுத்துணி தளர்ந்து இரண்டு ஓரமும் இழுபடும்.

உங்களுக்கு வேண்டியது சமதளம். துணி அசையாமல் படுத்திருக்கும், வேலை செய்பவர்தான் அதன்மேல் நகர்வார். அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 1812ஆம் வருஷப் போர்க்காலக் கொடி ஒன்று இருக்கிறது. இப்போதுள்ள அளவு 30க்கு 34 அடி. 1998இல் அதற்குச் சிகிச்சை தொடங்கியபோது கொடியைத் தாழ்வான மேடையில் படுக்கவைத்து, அதன்மேல் நகரும் பாலம் ஒன்று அமைத்து, அந்தப் பாலத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு வேலை செய்தார்கள். அதில் பெரிய வேலையே பழைய வேலையை எடுப்பதுதான். 1914இல் அமேலியா ஃபௌலர் என்பவர் தலைமையில் தையல்காரப் பெண்கள் அந்தக் கொடியை லினன் துணியோடு சுமார் 17 லட்சம் தையல் போட்டுச் சேர்த்திருந்தார்கள். அவர்கள் காலத்துக்கு அது அருமையான வேலை, கொடியைக் காப்பாற்றியதும் அதுதான். ஆனால் பின்னால் வந்தவர்கள் அவ்வளவையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. இன்று அந்தக் கொடி மங்கிய வெளிச்சத்தில், 10 டிகிரி சாய்வில், படுத்தபடிதான் இருக்கிறது. மதினியிடம் இதைச் சொல்லுங்கள். கை நேர்த்தி இருப்பவர்கள்தான் நிறையத் தையல் போட்டுவிடுவார்கள். இந்த வேலையில் எவ்வளவு குறைவாக, எவ்வளவு சுலபமாகப் பிரிக்கும்படி போடுகிறோம் என்பதில்தான் திறமை. கறுப்புக் கோட்டில் ஊசியே இறங்கக் கூடாது, இரண்டு பக்கமும் உள்ள சிவப்பில்தான் பிடிக்க வேண்டும். ரொம்ப உதிரும் இடத்துக்கு மேலே சாயமேற்றிய மெல்லிய வலை போர்த்துவது உண்டு. இது பழகிய கையில்தான் நடக்க வேண்டும், வீட்டில் வேண்டாம்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது வேறு, அதில் ஆசாரிக்கும் வேலை இருக்கிறது. கூடத்தில் ஒரு சாய்மேடை. அடியில் அனோடைஸ் செய்த அலுமினியக் குழாய்ச் சட்டம், மேலே பெயர்ப்பலகைக்காரர்கள் போடும் ஏ.சி.பி. ஷீட், அதாவது இரண்டு பக்கமும் அலுமினியத் தகடு ஒட்டிய பிளாஸ்டிக் பலகை. 8க்கு 4 அடி ஷீட் சரியாக ஆறு போதும். மரத்தைவிட இதை நான் விரும்பக் காரணம், ஆவி வராது, கரையான் வராது, ஈரத்தில் முறுக்காது. திருகாணி எல்லாம் படகு வேலைக்கு வாங்கும் 316 ரக எஃகாக இருக்கட்டும். சாதாரண 304 உப்புக் காற்றில் புள்ளி விழும். அலுமினியத்தில் எஃகு நேராகப் பட்டால் அலுமினியம் அரிக்கும், அதனால் ஒவ்வொரு திருகுக்கும் நைலான் வாஷர் போடுங்கள்.

இந்த அளவில் பலரும் மறந்துவிடும் விஷயம் வாசல். 16க்கு 12 அடிச் சட்டம் எந்த வீட்டு வாசலிலும் நுழையாது. துண்டு துண்டாகச் செய்து கூடத்துக்குள் கொண்டுபோய்ப் பூட்டுகிற மாதிரிதான் செய்ய வேண்டும். 3 மில்லிமீட்டர் ஷீட் மட்டுமே எழுபது கிலோ வரும், ஆகவே சுவரில் மாட்டும் யோசனை வேண்டாம், தரையில் கால் ஊன்றி நிற்கட்டும். ஷீட்டுகள் சேரும் இடம் துணியில் வரியாகத் தெரியாமல் இருக்க மேலே பாலியஸ்டர் பஞ்சு விரிப்பு ஒன்று, அதன்மேல் ஃபிளானல். மேடைக்கு வாங்கும் புதுத்துணி எல்லாவற்றையும் முதலில் சுடுதண்ணீரில் கஞ்சியும் சாயமும் போக மூன்று நான்கு முறை துவைத்துவிடுங்கள். நீலம், சென்ட் எதுவும் வேண்டாம். ஃபிளானலின் மயிர் பருத்தியைப் பிடித்துக்கொள்ளும். 15 டிகிரி சாய்வு வரை ஆணியும் தையலும் இல்லாமலே துணி நிற்கும். 12 அடிப் பக்கத்தைச் சாய்த்தால் பின்பக்கம் சுமார் மூன்றடி உயரும், அவ்வளவுதான்.

சரி, நிக்காஹ். நான்கு மூலையில் கட்டித் தூக்க வேண்டாம் சகோதரி. அந்த ஒரு மணி நேரத்தைக்கூடத் துணி தாங்காது என்பதுதான் என் கணிப்பு. உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. உங்கள் உம்மா உட்கார்ந்த துணிக்குக் கீழே மகள் உட்கார வேண்டும் என்பதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. தலைக்கு மேலே புது மேற்கட்டி கட்டுங்கள், பழைய மேற்கட்டியில் வரைந்த கொடியையும் பூவையும் பார்த்து மதினியே வேலை செய்து கொடுக்கலாம், அவருடைய ஆரிச் சட்டம் அதற்கு அருமையாக உதவும். பழையதைச் சாய்மேடையில் படுக்கவைத்து, அதற்கு முன்னால் பெண்ணை உட்காரவையுங்கள். மேடைக்கும் ஆளுக்கும் நடுவே மூன்றடி இடைவெளி இருக்கட்டும். அந்தக் கூடத்தில் சாம்பிராணி, பன்னீர், சந்தனம் வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வீடியோக்காரரின் பெரிய விளக்கு துணிமேல் விழ வேண்டாம். அருங்காட்சியகங்களில் இப்படிப்பட்ட துணிக்கு 50 லக்ஸ்தான் வெளிச்சம், சுமாராக ஒரு மங்கிய அறை. ஒரு நாளைக்குக் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. மறுநாளே, சுற்றி வைக்கும் உருளைக்குத் திரும்பட்டும். நான் வேண்டாம் என்ற தையல் உருளைச் சட்டம் இல்லை இது, துணியைச் சுற்றிப் பத்திரமாக வைக்க ஒரு குழாய்.

அந்த உருளைதான் வருஷத்தில் மிச்ச நாளெல்லாம் உங்கள் மேற்கட்டிக்குச் சட்டம். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும், சாய்மேடை பிறகு. கடையில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று பி.வி.சி. குழாய் வாங்காதீர்கள், அதிலிருந்து நாளடைவில் அமில ஆவி வரும். மண்டபம் பக்கம் கடலில் மீன் வளர்க்கும் கூண்டுகளுக்குப் போடுகிறார்களே, கறுப்பு எச்.டி.பி.இ. குழாய், அது நல்லது. 160 மில்லிமீட்டர் விட்டம், 14 அடி நீளம் வாங்கினால் துணிக்கு இரண்டு பக்கமும் ஓரடி மிச்சம் இருக்கும். துடைத்து, காயவைத்து, பாலியஸ்டர் ஃபிலிம் ஒரு சுற்று, அதன்மேல் துவைத்த காடாத் துணி. மேற்கட்டியை வரைந்த பக்கம் வெளியே பார்க்க, 16 அடி நீளவாக்கில் சுற்ற வேண்டும். சுற்றச் சுற்ற ஊடே அமிலமில்லாத டிஷ்யூத் தாளோ, நன்றாகத் துவைத்த மல் துணியோ போகட்டும். மொத்தம் பத்துச் சுற்றுதான் வரும். ஒரு சிக்கல்: நீளவாக்கில் போகும் இரண்டு தையலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மேடாகும், நடுவில் உள்ள துணி தளர்ந்து சுருங்கும். தையலுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் டிஷ்யூவை ஒரு மடிப்புக் கூடுதலாக வைத்து மட்டம் செய்துகொண்டே போங்கள். பொறுமையான வேலை, ஆறு பேர் வேண்டும், எல்லார் கையிலும் மோதிரமும் வளையலும் கழற்றியிருக்க வேண்டும். சுற்றி முடித்ததும் அகலமான பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, குழாயின் இரண்டு முனையையும் தாங்கியில் ஏற்றி வையுங்கள். துணி எதன்மேலும் அழுந்தக் கூடாது. வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். அந்துருண்டை, வேப்பிலை எதுவும் சுற்றுக்குள் போகக் கூடாது. ராமபாணப் பூச்சிக்கு, மாதம் ஒருமுறை மேல் சுற்றைப் பார்ப்பதுதான் மருந்து.

பெட்டியிலிருந்து பிரிக்கும் வேலையை மழைக்கு முன்பே, காற்று ஓய்ந்த ஒரு நாளில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடிக்காற்று வீசும்போது கூடவே கூடாது, மணல் உள்ளே வந்துவிடும். தரையில் துவைத்த வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் ஒரு மடிப்பாகப் பிரியுங்கள். விழுகிற தூளைப் பெருக்கித் தள்ளாமல், எந்த இடத்தில் விழுந்தது என்று எழுதிய காகிதப் பொட்டலத்தில் எடுத்துவையுங்கள், சாயம் பார்க்க உதவும். துவைக்கவோ, இஸ்திரி போடவோ, ஈரத்துணியால் துடைக்கவோ வேண்டாம். மடிப்புத் தடம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

தையல் வேலைக்கு அவசரமே இல்லை, நிக்காஹ் முடிந்தபின் பார்க்கலாம். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இலிருந்து வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. லக்னோவில் மத்திய அரசின் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் படங்களோடு எழுதி ஆலோசனை கேளுங்கள். யாரிடம் கொடுப்பதானாலும், தாங்குதுணி எது, நூல் எது, எங்கெங்கே தைக்கப்போகிறார்கள் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மூலையில் இருக்கும் நான்கு இரும்பு வளையங்கள். அவற்றைப் பிடுங்க வேண்டாம், பிடுங்கினால் ஒட்டுத்துணியும் சேர்ந்து வரும். ஒவ்வொரு வளையத்துக்கும் மேலேயும் கீழேயும் பாலியஸ்டர் ஃபிலிமில் உள்ளங்கை அளவுத் துண்டு வெட்டி வைத்து, துரு பக்கத்துத் துணியில் படாதபடி மூடிய பிறகே உருளையில் ஏற்றுங்கள்.